பலாப்பழம் ஓட்டிய விமானம்

ஐம்பது வருடத்துக்கும் மேலாக என் சொந்தக்காரர்கள் ஒரு பழியைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் விமானத்தைக் கொண்டுபோய்க் கண்மாய்க் கரையில் முட்டியவனாம். விமானம் முட்டியது உண்மை. அது என் குற்றமில்லை என்றால், காது கொடுத்துக் கேட்க இந்த ஜில்லாவில் ஒரு ஆள் கிடையாது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. திருச்சியில் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன். (தோல் குல்லாய் மாட்டாமல் காப்பிக் கடைக்குக்கூடப் போகமாட்டேன். அவ்வளவு திமிர்.) இன்னும் நாலு மணி நேரம் தனியாகப் பறந்தால் லைசென்ஸ். அது கையில் வந்தால்தான் தாய்மாமன் மகள் காமாட்சியைப் பெண் கேட்க எனக்கு முகம்.

அன்று கந்தர்வக்கோட்டைக்கு மேலே தனியாகப் பறந்துகொண்டிருந்தபோது என்ஜின் இருமத் தொடங்கியது. சத்தியமாக இருமியது! கீழே ஏழெட்டுக் கண்மாய்கள் வறண்டு கிடந்தன. அவற்றில் மாமா ஊர்க் கண்மாயைத் தேர்ந்தெடுத்தது மட்டும் என் வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்படி இறக்கினேன் தெரியுமா? பூனை மதிலிலிருந்து குதிக்கிற மாதிரி. ஊரே பார்த்தது. அதைப் பற்றி இன்றுவரை ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

பெட்ரோல் குழாயில் தூசி. ஊதிச் சரிசெய்தேன். திருச்சிக்குத் தந்தி கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது விதி. காமாட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது எவன் காத்திருப்பான்? கிளம்புகிறேன் என்றேன். மாமா விடாமல் வீட்டுக்கு இழுத்துப்போய்க் கோழி அடித்துச் சோறு போட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே அவர் எழுந்து கண்மாய்க்குப் போனார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் மாப்பிள்ளையாக வரப்போகிறவனை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். அதைவிட முக்கியம், கொடுத்ததை வாயால் சொல்லவும் மாட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் சீட்டுக்கடியில் ஒரு வாழைத்தார் இருப்பது நமக்கே தெரியும்.

பயிற்சி விமானத்தில் முன்னும் பின்னும் இரண்டு இருக்கை. தனியாக ஓட்டுகிறவன் பின்னால் உட்காருவான். விமானத்தை ஏற்றி இறக்கும் கம்பு இரண்டு இடத்திலும் உண்டு; ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். காலியாக இருக்க வேண்டிய முன் இருக்கையில் மாமா ஒரு பலாப்பழத்தை உட்கார வைத்திருந்தார். ஆட்டுக்குட்டி அளவு பழம்! ஏறும் முன் நான் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்தான். நான் காமாட்சியைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தேன்.

பஸ் டிரைவர் ஒருவர் காற்றாடியைச் சுழற்றிவிட்டார். விமானம் ஓடி, வாலைத் தூக்கியது. அந்த நொடியில் பழம் முன்னால் உருண்டு, இருக்கைக்கும் கம்புக்கும் நடுவே வசமாகச் சிக்கிக்கொண்டது. மேலே எழும்ப என் கம்பை இழுக்கிறேன், வரவில்லை. இரண்டு கையாலும் இழுக்கிறேன். அசையவில்லை. கரை எதிரே வந்துவிட்டது. என்ஜினை அணைத்ததுதான் நான் செய்ய முடிந்தது. மூக்கு கரையில் குத்த, வால் வானத்தைப் பார்த்து நின்றது. நான் வாரில் தொங்கினேன்.

மாமா ஓடிவந்தார். "மாப்ள, ஒனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டுக்கொண்டே முன் இருக்கையை எட்டிப் பார்த்தார். "அடடா, நல்ல பழம்" என்று முணுமுணுத்தார். அப்போதுதான் எனக்கு விஷயமே விளங்கியது.

விசாரணையில் அதிகாரி கேட்டார்: "என்ஜின் கோளாறு என்று இறங்கியவன் பலாப்பழம் வாங்கிக்கொண்டு கிளம்புவானா?"

நான் குதித்தேன். மாமாவை வரவழைக்கச் சொன்னேன். வந்தார்.

"பழத்தை வைத்தது நீங்களா?"

"எந்தப் பழங்க?"

"மாமா!" என்று அலறினேன்.

"ஒருத்தருக்குக் குடுத்தோம்னு சபையில சொல்ற பழக்கம் எங்க வம்சத்துல கெடையாதுங்க" என்று அதிகாரியைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். மாணவனே பழம் ஏற்றினான் என்று எழுதி என்னைப் பயிற்சியிலிருந்தே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் லைசென்ஸ் பொழச்சிருக்குமே மாமா!"

"ஒரு பழத்தைச் சொல்லிக் காட்டிட்டு, ஒனக்கு எம் மகளை எந்த மூஞ்சியோட குடுப்பேன் மாப்ள?" என்றார், என்மேலேயே வருத்தப்பட்டுக்கொண்டு.

கொடுத்தார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாகிக் காமாட்சியைக் கட்டினேன். கல்யாணமான மூன்றாம் நாளே அவளிடம் நியாயம் கேட்டேன்.

"அம்மாம் பெரிய பழத்தை அப்பா ஒத்தையாத் தூக்க முடியுமா? ஒரு பக்கம் நாந்தான் புடிச்சேன்" என்றாள்.

"அடிப்பாவி! நீயாவது சொல்லியிருக்கலாமே!"

"குடுத்ததை எப்படிங்க சொல்றது?"

இன்றும் நான் காரில் ஏறினால், "தாத்தா, முன் சீட்டைப் பாத்துட்டீங்களா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். வீடே சிரிக்கிறது. எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவள் காமாட்சிதான். அவளை மட்டும் இன்றுவரை யாரும் விசாரிக்கவே இல்லை.