பன்னிரண்டரை வோல்ட்டில் ஒரு சதி

என் மனைவியின் கரண்ட்டைப் பிடுங்குவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன்.

உடனே என்னைக் கொடுமைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். அவளை ஒருமுறை பார்த்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் அவள் பக்கத்தில் ஒரு அரைமணி நேரம்.

எங்கள் தெருவில் தினமும் மாலை ஆறு மணிக்குக் கரண்ட் போகும். முன்பெல்லாம் போன கையோடு அவளுடைய தையல் மிஷினும் நின்றுவிடும். கழுத்தில் இஞ்ச் டேப்போடு மாடிப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். யாருக்கு இடுப்பு இரண்டு இஞ்ச் கூடியது என்பதுவரை பேசுவாள். அந்தப் பேச்சுக்காகத்தான் நான் நாள் முழுக்க வேலை பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அதைக் கெடுத்தவன் நானேதான். பேட்டரி மெக்கானிக் பெண்டாட்டி இருட்டில் உட்காரலாமா என்று வீறாப்பாக ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் மாட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கரண்ட் போனதே அவளுக்குத் தெரிவதில்லை. படியில் நான் மட்டும். உள்ளே மிஷின் கடகடவென்று ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் ஏங்கிய ஏக்கம் இருக்கிறதே, கல்யாணத்துக்கு முன்னால்கூட அவளுக்காக அப்படி ஏங்கியதில்லை.

ஆகவே ஒரு கட்-ஆஃப் சர்க்யூட் கட்டினேன்.

"எதுக்குங்க இந்தப் பெட்டி?"

"பேட்டரியை ஒட்டக் காலி பண்ணா செத்துடும். பதினொரு வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா இது தானா கட் பண்ணிடும்."

"பதினொன்னா?"

"பதினொன்னு. பாரு, மீட்டர்கூட வெச்சிருக்கேன்."

சொன்னது பதினொன்று. வைத்தது பன்னிரண்டரை. புத்தம்புது பேட்டரிகூடப் பத்து நிமிடத்தில் கைவிரித்துவிடும்.

அன்று ஆறு மணிக்குக் கரண்ட் போனது. பத்தாவது நிமிடம் பெட்டிக்குள் 'டக்'. மிஷின் நின்றது. நான் அவசரமாகப் படியைத் துடைத்தேன். மறுபடி 'டக்'. மிஷின் ஓடியது. 'டக்', நின்றது. 'டக்', ஓடியது.

"ஏங்க! இது பேட்டரியா, விக்கல் எடுத்த கெழவனா?"

தப்பு என்னுடையது. பாரத்தை இறக்கினால் பேட்டரி கொஞ்சம் நிமிரும், வோல்ட் ஏறும். ஏறியதும் என் சர்க்யூட் சமர்த்தாக மறுபடி இணைத்துவிடும். ஒருமுறை கட் ஆனால் கரண்ட் வரும்வரை அப்படியே கிடக்கும்படி மாற்றினேன். அவள்தான் டார்ச் பிடித்தாள்.

"இந்தக் குட்டித் திருகு எதுக்கு?"

"எத்தனை வோல்ட்டுல கட் ஆகணும்னு சொல்றதுக்கு," என்றேன். வாய் சும்மா இருக்கக் கூடாதா!

அடுத்த மூன்று நாளும் சொர்க்கம். ஆறு பத்துக்கு மிஷின் நிற்கும். பெட்டி 'டக்' என்றதா என்றுகூட நான் காது கொடுக்கவில்லை. "பாழாப்போன பேட்டரி" என்று திட்டிக்கொண்டே வந்து என் தோளில் சாய்வாள். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாலாம் நாள் ஆறு பத்து. மிஷின் நிற்கவில்லை. ஆறு இருபது. ஆறரை. பொறுக்க முடியாமல் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். திருகு பதினொன்றில் இருந்தது. அது அசையாமலிருக்க மேலே ஒரு சொட்டு நெயில் பாலிஷ். சிவப்பு. அவளுடையது.

"எப்ப மாத்தின?"

"நீங்க விக்கலை நிறுத்தின அன்னைக்கே. மீட்டர் பன்னெண்டரை காட்டுது, பெட்டி கட் பண்ணுது. பதினொன்னுன்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க?"

"அப்ப மூணு நாளா மிஷினை யாரு நிறுத்தினது?"

"நான்தான்." அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பக்கத்துல வந்து உக்காருன்னு வாயைத் திறந்து கேட்டா முத்து உதிர்ந்துடுமா? எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

பெட்டியை மூடினேன். "இன்னைக்கு ஏன் வரல?"

"இருபது சட்டை நாளைக்குக் கொடுக்கணும். நீங்க வாங்க. இப்படி உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் தோள் என் தோளில் பட்டது. இதற்குத்தானே இத்தனை சதியும் என்று கண்ணை மூடினேன். மடியில் ஒரு சட்டையும் ஊசிநூலும் வந்து விழுந்தன.

இப்போது கரண்ட் இருந்தாலும் போனாலும் தினமும் அவள் பக்கத்திலேயேதான் இருக்கிறேன். நேற்றுவரை நானூற்றுப் பன்னிரண்டு பட்டன் தைத்திருக்கிறேன்.