காதோடு அண்ணன் அடக்கிய கூச்சல்

அந்தமான் முழுக்கத் தேடினாலும் பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரே தடவையாகப் பேசாத மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் காதோடு அண்ணன். "டீ வந்துடுச்சு" என்பதைக்கூட மேஜை மேஜையாகப் போய், குனிந்து, காதோரமாகத்தான் சொல்வார். கடைசி ஆளுக்குச் சேதி வருவதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

கடல் அலையின் உயரத்தைக் கணக்குப் போட்டு ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துக் கப்பல்காரர்களுக்குச் சொல்லும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. கணக்குப் போடுவது ஒன்றாகக் கோத்த ஒரு டஜன் கம்ப்யூட்டர்கள். அவற்றுக்கு அண்ணன் இன்ஜினியர். நான் அவருக்கு அடுத்தவன்.

மகள் கல்யாணத்துக்கும் ஆளுக்கொரு காதில்தான் அழைத்தார். தன்னை மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நம்பி, மற்றவர் மனம் நோகக் கூடாதே என்று, ஆளுக்கொரு பொய் சொல்லி லீவு போட்டோம். எனக்கு வயிற்றுவலி. ஷாதிபூர் மண்டப வாசலில் மொத்த ஆபீஸும் பட்டு வேட்டியில் நேருக்கு நேர் திருதிருவென்று முழித்தது. லீவு கொடுத்த அதிகாரி முதல் பந்தியிலேயே பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சோதனை வந்தது. எங்கள் மெஷின்களின் சூடு, சுமை எல்லாவற்றையும் திரையில் காட்ட ஒரு கண்காணிப்பு சாஃப்ட்வேர் உண்டு. மல்டிகாஸ்ட் என்ற முறைப்படி ஒவ்வொரு மெஷினும் தன் நிலைமையை நெட்வொர்க் முழுக்கக் கூவும், வேண்டியவர் கேட்டுக்கொள்ளலாம். மெஷின்களை இணைக்கப் புதிதாக மாட்டிய நெட்வொர்க் ஸ்விட்ச் அந்தக் கூவலை வழியிலேயே விழுங்கிவிட்டது. நன்றாக ஓடுகிற மெஷின்களெல்லாம் திரையில் சிவப்பாகச் செத்துக் கிடந்தன.

மெயின்லேண்டிலிருந்து ஆய்வுக்கு வந்த மேடம் அதைப் பார்த்தார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா மெஷின், ஸ்டாஃப் எல்லாத்தையும் சென்னைக்கு மாத்தச் சொல்லிடுவேன்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஷாதிபூரில் பிறந்து வளர்ந்தவர். கடல் தாண்டி நாலு நாள் இருந்தாலே காய்ச்சல் வந்துவிடும் அவருக்கு.

மறுநாள் காலை என் காதில் சொன்னார்: "அரே தம்பி, ஊருக்கே எதுக்குக் கத்தணும்? ஒருத்தன்கிட்ட சொன்னா போதாதா? டீக் ஹை, சரிதானே?"

ஒவ்வொரு மெஷினிலும் மல்டிகாஸ்ட் முகவரியை எடுத்துவிட்டு, ஒரே ஒரு மெஷினின் முகவரியை எழுதினார். இனி எல்லோரும் அதனிடம் மட்டும் சொல்வார்கள். அது திரைக்குச் சொல்லும். மதியத்துக்குள் திரை பச்சை. ஆபீஸே கைதட்டியது.

சாயங்காலம், கேட்டுக்கொண்டிருந்த அந்த மெஷின் மட்டும் எதனாலோ அணைந்து மறுபடி எழுந்தது. திரை வெறிச்சோடிப்போனது. அண்ணன் செட்டிங்கைத் துழாவிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். தாம் அனுப்பும் எண்கள் எதைப் பற்றியவை என்ற விவரத்தை மெஷின்கள் எத்தனை விநாடிக்கு ஒருமுறை சொல்ல வேண்டும் என்ற இடத்தில் பூஜ்யம். அதாவது, கிளம்பும்போது ஒரே தடவை. புதிதாக எழுந்த மெஷினுக்கு, எது சூடு எது சுமை என்று தெரியாத வெறும் எண்கள்தான் வந்து விழுந்தன.

"இதை ஏன்ணே அப்படியே விட்டீங்க?"

"சொன்னதையே திருப்பிச் சொன்னா மரியாதையா இருக்குமா தம்பி?"

"மெஷினுக்கு என்ன மரியாதை! மாத்துங்கண்ணே, மேடம் படியேறி வர்றாங்க!"

பூஜ்யத்தை முப்பதாக்கி, எல்லா மெஷினிலும் சாஃப்ட்வேரை நிறுத்திக் கிளப்பினார். மேடம் உள்ளே வரும்போது பச்சை ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. அவருக்குச் சந்தேகம். "அந்தக் கேக்குற மெஷினை அணைச்சுப் போடுங்க." போட்டோம். அரை நிமிஷம்தான். மறுபடி பச்சை.

"சரி, இங்கேயே இருங்க எல்லாரும்" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு மேடம் போனார்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே சேதியைச் சொல்ல மேஜை மேஜையாகக் கிளம்பினார். என் மேஜை கடைசி. நான் ஏற வேண்டிய அபர்டீன் பஜார் பஸ் கிளம்பிப் போய்விட்டது. மேடம் சொன்னதை நானும்தான் கேட்டிருந்தேன். ஆனாலும் அந்த மனுஷன் வந்து குனிந்து சொல்லும்வரை எனக்கு எழுந்து போக மனம் வரவில்லை.