ஆறில்லாத ஊரில் படகு

“சார், இந்த ஊர்ல ஆறே இல்லையே. வீட்டு வரி புரோகிராம்ல படகு எதுக்கு?”

பொறுப்பை வாங்கிக்கொள்ள வந்திருந்த புரோகிராமர் அம்மாள் திரையைக் காட்டினாள். வரி அலுவலகத்துக் கம்ப்யூட்டர்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மணி மூன்று. ஐந்து மணிக்கு அவருக்குப் பணி ஓய்வு. ஒவ்வொரு நிபந்தனைக்கும் காரணம் எழுதிக் கொடுத்தால்தான் அவள் கையெழுத்துப் போடுவாள். இல்லாவிட்டால் முப்பத்தோரு வருஷம் கெட்ட பெயரில்லாமல் ஓட்டியவருக்குக் கடைசி நாளில் பதிவேட்டில் ‘பிழை’ என்று ஏறிவிடும்.

“சட்டத்துல இருக்கும்மா. அதைத்தான் நான் எழுதினேன்.”

விதிப் புத்தகத்தை எடுத்தார்கள். ‘படகு வீடாகாது. ஆனால் மூன்று மாதம் நகராத படகு வீடே. ஆனால் ஓட்டை விழுந்து நகராத படகு வீடாகாது.’ மேலதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்.

“அப்படியே நம்ம புரோகிராமேதான் சார். பழசைத் தொட பயந்துகிட்டு, மேல மேல ஒட்டுப் போட்டிருக்காங்க.”

“தூக்கிடுவோம்.”

படகு நிபந்தனையைப் புரோகிராமிலிருந்து தூக்கினார். சோதனைப் பட்டியலில் ஊரில் ஒரு வீடுகூட மிஞ்சவில்லை; எல்லாருக்கும் வரி சைபர். ‘படகல்லாததெல்லாம் வீடு’ என்று மாற்றினார். நாய்க்கூண்டுக்கும் அலுவலக சைக்கிள் கொட்டகைக்கும் வரி விழுந்தது. சரி, விதியையே ரத்து செய்யச் சொல்லலாம் என்று பக்கத்தைப் புரட்டினால், அடுத்த ஏழு விதிகளும் ‘மேற்படி படகைப் போலவே’ என்று ஆரம்பித்தன.

மணி நாலரை. ‘காரணம்’ என்ற கட்டம் காலியாகவே கிடந்தது. ஆனாலும் மனுஷனுக்குச் சிரிப்பு வந்தது.

“இந்த விதியை எழுதினதே எங்க வீட்டம்மாதான். அப்போ எங்களுக்குக் கல்யாணம் ஆகல; மாடியில, சட்டப் பிரிவுல இருந்தா. எனக்கு முதல் தடவையே புரிஞ்சுபோச்சு. புரியாத மாதிரி நடிச்சு பதினோரு தடவை படியேறினேன். பாவம், இன்னிவரைக்கும் அவளுக்குத் தெரியாது.”

அன்று மாடியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, “மறுபடியும் படகா?” என்று அவள் நிமிர்ந்து பார்த்த பார்வை கண்முன் வந்தது. அந்தப் படிகளை இன்னொரு தடவை ஏற மாட்டோமா என்று ஏக்கமாக இருந்தது.

“அப்போ அவங்களையே கேளுங்க சார்.”

போன் போட்டார்.

“ஓட்டைப் படகா? அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? நேரத்தோட வீடு வந்து சேருங்க” என்று வைத்துவிட்டாள்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, வழியனுப்பு விழாவுக்குக் கூப்பிட மாடியிலிருந்து டைப்பிஸ்ட் அம்மாள் இறங்கி வந்தாள். திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தாள்.

“அட, நான் டைப் அடிச்சதாச்சே இது. தண்ணியே இல்லாத ஊருக்குப் படகு எதுக்குன்னு உங்க வீட்டம்மாகிட்ட அன்னிக்கே கேட்டேன். ‘கீழ இருக்கற கம்ப்யூட்டர்காரருக்கு எதை எழுதினாலும் உடனே புரிஞ்சுடுது, இதுக்காவது மாடிக்கு வராரான்னு பாக்கறேன்’னு சொன்னாங்க.”