கவாத்து ஐயாவும் குட்டி ஆலமரமும்

ஏற்காட்டில் கவாத்து ஐயாவின் கத்தி படாத செடி ஒன்று உண்டென்றால் அது பிளாஸ்டிக் செடியாகத்தான் இருக்கும். அதிலும் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்துப் பக்கம் லாட்ஜ் ஒன்றின் வரவேற்பறையில் இருந்ததை, "நொம்ப அடஞ்சு கெடக்குதுங்க" என்று நாலு இலை நறுக்கிவிட்டுத்தான் காப்பி குடித்தார்.

காப்பித் தோட்டத்தில் முப்பது வருடம் செடிகளைக் கவாத்து செய்தவர். வேண்டாத கிளையை வெட்டி வெட்டிப் பழகிய கை, ரிட்டையரான பிறகும் சும்மா இருக்கவில்லை. தெருவில் அவர் தலை தெரிந்தால் ரோஜாத் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவோம். எதிர்வீட்டுக்காரர் ஆசையாக வளர்த்த மீசையைக்கூட ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அப்படிப்பட்டவரை நானே வீட்டுக்கு அழைக்கும் கதி வந்தது. என் மனைவி செல்வி தலைப்பிரசவத்துக்குச் சேலம் போனபோது, ஒன்பது வருடமாகத் தொட்டியில் குட்டையாகவே வளர்த்த ஆலமரப் போன்சாயை என்னிடம் ஒப்படைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே அவளோடு இருந்த மரம். என்னைவிட அதற்குத்தான் சீனியாரிட்டி. "மண்ணைத் தொட்டுப் பாத்துட்டுத் தண்ணி ஊத்துங்க" என்றாள். நான் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், எனக்குச் செடி தெரியாதா? காப்பிக்கு ஆகிற உரம் ஆலுக்கு ஆகாதா என்று ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன். நான் சாப்பிடும் மூன்று வேளையும் அதற்கும் ஒரு சொம்பு தண்ணீர். டி.வி. மேசையில் சொட்டுகிறதே என்று தொட்டியின் அடி ஓட்டையை மெழுகால் அடைத்தேன். பனிக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தினேன். ஒரே மாதத்தில் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. செல்வி வீடியோ காலில் "மரத்தைக் காட்டுங்க" என்று கேட்டபோதெல்லாம் மலையில் சிக்னல் இல்லாமல் போயிற்று.

வாசலிலேயே கத்தியை வாங்கி வைத்துக்கொண்டுதான் கவாத்து ஐயாவை உள்ளே விட்டேன். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது.

"உசுரு இருக்குதுங்க."

எனக்கும் அப்போதுதான் உயிர் வந்தது. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முகர்ந்தார். முகம் கோணியது.

"ஏனுங்க ரைட்டரே, எத்தன வேளை தண்ணி?"

"மூணு வேளைங்க."

"பாயும் தலகாணியும் மட்டுந்தான் போடலையாட்ட இருக்குது. வேரு அழுகிப்போச்சுங்க. கத்தியக் குடுங்க."

"கிளையைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க!"

"மொட்ட மரத்துல என்னத்தங்க வெட்டறது?"

மரத்தைத் தொட்டியிலிருந்து உருவி, கறுத்துக் குழைந்த வேர்களை மட்டும் நறுக்கினார். மெழுகை நோண்டி எடுத்தபோது என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை, இன்றும் மறக்கவில்லை. செங்கல் தூளையும் ஆற்று மணலையும் சலித்துக் கலந்து நட்டு, வெளிச்சம் விழும் ஜன்னலோரம் வைத்தார். போகும்போது சமையலறைக்குள் புகுந்து எங்கள் வீட்டுச் சொம்பு மூன்றையும் எடுத்துக்கொண்டார்.

"உங்க கைய நம்பறதுக்கில்லீங்க. இனி நானே வந்து தண்ணி ஊத்தறேன்."

தினமும் வந்தார். ஒரு குச்சியை மண்ணில் செருகி எடுத்துப் பார்ப்பார். ஈரம் இருந்தால் தண்ணீர் ஊற்றாமலே போய்விடுவார். நான் டம்ளரில் மொண்டு குளித்தேன். பிரசவ நாள் நெருங்க நெருங்க நான் காலண்டரையும் மொட்டைக் கிளையையும் மாறி மாறிப் பார்த்தேன். மூன்றாவது வாரம் மிளகளவில் ஒரு துளிர் தெரிந்தபோது, அந்த மனுஷன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

செல்வி குழந்தையோடு வந்த அன்று மரத்தில் ஏழே ஏழு இலை. தொட்டியைப் பார்த்ததும், "கொன்னே போட்டிருப்பீங்களே!" என்று அழுதாள். கவாத்து ஐயா இரண்டு முறை சோப்பு போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கினார். தலையிலிருந்து கால்வரை நிதானமாக ஆராய்ந்தார்.

"இதுல வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல கண்ணு. அப்பிடியே வளரட்டும்."

இப்போது அவர் வெள்ளக்கடை கிராமத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் மங்கிவிட்டது. மாதம் ஒருமுறை, மரத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு, குழந்தையும் தொட்டியுமாகப் பைக்கில் போய்க் காட்டி வருகிறோம். மண்ணை முகர்ந்துவிட்டு என்னை ஆசை தீரத் திட்டுவார். மரம் நன்றாகத்தான் இருக்கிறது. எங்களுக்குத்தான் அவரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.