கஞ்சி போட்ட இறக்கை

பனியன் ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எதைப் பார்த்தாலும் பனியன் துணியால் மூடிவிடலாம் என்று தோன்றும். நான் விமானத்தையே மூடியவள்.

இரண்டாயிரங்களின் நடுவில், இன்ஜினியரிங் கடைசி வருடம். ஆளில்லாத குட்டி விமானம் ஒன்றை ஃப்யூயல் செல்லில் பறக்கவிடுவது என் ப்ராஜெக்ட். அந்தச் செல்லுக்குள் ஹைட்ரஜனை விட்டால், காற்றோடு சேர்ந்து கரண்ட் வரும். புகைக்குப் பதில் தண்ணீர் சொட்டும். பறந்தால் பெங்களூரில் வேலைக்குப் போகலாம், பறக்காவிட்டால் அருள்புரத்தில் மாமாவின் பனியன் கம்பெனி என்று சொல்லியிருந்தார் அப்பா. (அவருக்கு எப்போதும் ஒரே பேச்சுதான்.)

இறக்கைக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டச் சொன்னார் புரொபசர். மாமா கம்பெனியில் ரோல் ரோலாகத் துணி கிடக்கும்போது பிளாஸ்டிக்குக்கு அலைவானேன்? பனியன் துணியை இழுத்து ஒட்டி, மொடமொடவென்று கஞ்சி போட்டு அயர்ன் பண்ணினேன். தட்டினால் அப்பளம் மாதிரி சத்தம் வந்தது. எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

சோதனை நாளில் கம்பெனிக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் புரொபசர், அப்பா, மாமா, தையல் செக்‌ஷன் மொத்தமும் கூடிவிட்டது.

"அம்மணி, தண்ணி வரும்னியே, எங்க?" என்றார் மாமா.

தரையில் வைத்தே மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் சொட்டுவதைக் காட்டினேன். அதோடு விட்டேனா? அயர்னிங் ஆட்களுக்கு ஒரு காட்சி. டீ கொண்டுவந்தவருக்குத் தனிக்காட்சி.

"ஏனுங்க அம்மணி, இது நல்ல தண்ணீங்களா, உப்புத் தண்ணீங்களா?" என்றார் கட்டிங் மாஸ்டர். (எங்கள் ஊரில் தண்ணீரைக் கண்டால் முதல் கேள்வி அதுதான்.)

"குடிக்கிற தண்ணியேதானுங்க!"

குடித்தது இறக்கை. தண்ணீர் சொட்டும் குழாயை அதற்கு நேர் மேலே வைத்திருந்த மேதை நான்தான். கஞ்சி கரைந்துகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

ரிமோட்டை அழுத்தினேன். விமானம் எழும்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். தென்னை உயரம் போனதும் இறக்கைத் துணி தொட்டிலாகத் தொங்கியது. விமானம் பொறுமையாகக் கீழே வந்து, கட்டிங் வேஸ்ட் மூட்டைகளின் மேல் மெத்தென்று படுத்துக்கொண்டது. ஃப்யூயல் செல்லுக்கு ஒரு கீறல் இல்லை. பெங்களூர்தான் போயிற்று. அத்தனை பேர் முன்னாலும் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன்.

மாமா மட்டும் ஓடிப்போய் இறக்கையைப் பிழிந்து பார்த்து, அப்பாவைக் கூப்பிட்டார். "மச்சா, நம்ம துணி என்னமா குடிச்சிருக்குது பாருங்க!"

இன்று அந்தக் கம்பெனிக்குக் குவாலிட்டி மேனேஜர் நான். துணி வேர்வையை உறிஞ்சுமா என்று யார் கேட்டாலும் மாமா லேப் ரிப்போர்ட்டை எடுப்பதில்லை. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்.

"ஏரோப்ளேனையே எறக்குன துணிங்க இது. எறக்குனவ இவதானுங்க."