உலையில் விழுந்த எலுமிச்சம்பழம்

படித்தவர்கள் செய்கிற முட்டாள்தனத்தில் ஒரு விசேஷம் உண்டு. தெரிந்தே செய்வோம். பதுளையில் நான் உலைக்கு எலுமிச்சம்பழம் வைத்தது அப்படித்தான்.

தகரத்துக்குத் துத்தநாகம் பூசும் கம்பெனிகள் கழித்துப் போடும் சாம்பலை, நெருப்பாய் உருகிய உப்பில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால், அதிலிருக்கும் துத்தநாகம் அடியில் திரளும். அதற்கென்று ஒரு சின்னக் கூடம் போட்டிருந்தார்கள். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் ஆள் நான் (தோட்டம் பூராவும் சொல்லியாயிற்று). ஆனால் தற்காலிகம்தான். முதல் சோதனையில் உலோகம் வந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்பா தேயிலை ஃபெக்டரி அடுப்புக்கு விறகு போட்டு ஓய்வுபெற்றவர். அன்று காலையிலேயே போன் எடுத்தார்.

"புது மெஷினு ஓட்டுறியே, பழம் வச்சியாம்மா?"

"அப்பா, ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலே வெடிக்கும். அதெல்லாம் ஆகாது."

"ஒன் இஷ்டம். நாங்க ஒருநாளும் வைக்காம ஓட்டுனதில்ல."

'தண்ணீர் ஆகாது' என்று சுவரில் எழுதி ஒட்டியவளே நான்தான். ஆனாலும் ஓடிப்போய் நல்ல சாறுள்ள பழமாகப் பார்த்து வாங்கி, யாரும் பார்க்காதபோது உலையின் மூடிமேல் வைத்தேன். (உள்ளே வைக்கவில்லையே! வெளியேதானே!)

பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்களுக்கெல்லாம் 'சேர்'. நேரமானதும், "மூடியைத் திறவும் பிள்ளை" என்றார். பதற்றத்தில் எல்லாம் மறந்து, நீளக் குறடால் மூடியை இழுத்தேன். பழம் உருண்டு உள்ளே போனது.

டமார்!

சேர் மேசைக்கு அடியில். நான் சாம்பல் மூட்டைக்குப் பின்னால். கூரையெல்லாம் வெள்ளை உப்பு. நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"என்ன விழுந்தது?" மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"தேசிக்காய், சேர்." (அவர் ஊர்ச் சொல்லிலேயே சொன்னேன். அந்த நேரத்திலும் அவ்வளவு மரியாதை!)

"தேசிக்காயோ? உமக்கென்ன விசரே?"

நான் அழுதேவிட்டேன். வேலை போயிற்று, தோட்டத்தில் எந்த முகத்தோடு போய் நிற்பது? ஆறிய பிறகு மிச்சமிருந்ததைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் பளபளவென்று ஒரு உலோக வில்லை! சேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"வேலை நிரந்தரம். பாதுகாப்புப் பொறுப்பும் உமக்குத்தான். உலைக்குள்ள என்ன போடக் கூடாதெண்டு இஞ்ச வேற ஒருத்தருக்கும் இவ்வளவு தெரியாது."

இன்றும் அதே வேலையில் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். வீட்டில்தான் மானம் போகிறது. சாப்பாட்டு நேரத்தில் யாராவது எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தால் போதும், அப்பா தட்டோடு எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அங்கிருந்தே ஊருக்குக் கேட்கும்படி சொல்வார்: "பழம் வச்சதுனாலதானே ஒனக்கு வேல கெடச்சது?"