அன்னம்மாள் வீட்டு அக்ரூட்

டேஷ்போர்டின் மேல் வைத்திருந்த டம்ளரில் காபி நடுங்கியது. ஸ்டியரிங்கில் இருந்த தன் கைதான் நடுங்குகிறதோ என்று தேவசகாயம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். காபி அப்போதும் நடுங்கியது.

கார் அவருடையதில்லை, மகள் பிரவீனாவுடையது. அவளே சம்பாதித்து வாங்கிய முதல் பெரிய பொருள். கம்பெனி வேலையாக ஆறு மாதம் வெளிநாடு போகிறேன் என்று வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவள், சாவியைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தாள்.

"வாரத்துக்கு ஒரு வாட்டி ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கப்பா, போதும். நிக்கவெச்சே இன்ஜினை ஓடவிடாதீங்க. கெட்டுப்பூடும்."

தேவசகாயம் தினமும் நிற்கவைத்தே ஓடவிட்டார். காஞ்சிபுரத்து வெயிலுக்கு அந்தக் காரைப் போல ஒரு ஏசி அறை வீட்டில் இல்லை. காலை பத்து மணிக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தால், பேப்பரில் 'காணவில்லை' விளம்பரம் வரை படித்துவிட்டுத்தான் இறங்குவார்.

எதிர்வீட்டு வீராசாமி தறியை நிறுத்திவிட்டு வந்து பானெட்டில் கை வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார், வண்டி நம்ம தறி கணக்கா ஆடிக்கினு இருக்குது?"

"ஏசி போட்டா அப்டித்தான்பா."

"எப்பவும்தான் ஆடுது. நீங்க பேப்பர்லயே கண்ணா இருக்கீங்க."

பிரவீனா வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். நம்பி விட்டுப்போன பெண்ணிடம், ஏசிக் காற்றுக்கு ஆசைப்பட்டு உன் இன்ஜினைத் தின்றுவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

மற்றபடி அவர் அவசரப்படுகிற மனிதரே இல்லை. முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவர். சமையலறைக் குழாய் இரண்டு வருஷமாகச் சொட்டுகிறது. மனைவி அன்னம்மாள் கேட்கிறபோதெல்லாம் "பாக்கலாம்" என்பார். அதோடு அந்தக் கோப்பு மூடப்படும். ஆனால் தன் கைபட்டுக் கெட்ட பொருள் என்றால் கதையே வேறு. அடுத்தவர் கண்ணில் படுவதற்குள் அதைச் சரிசெய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டார். பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைச் சுத்தம் செய்கிற மருந்து இருக்கிறது, முழு டேங்குக்கு ஒரு டப்பா ஊற்றினால் போதும் என்றார்கள். கால் டேங்க் பெட்ரோலில் மூன்று டப்பாவை ஊற்றினார். மறுநாள் கார் ஆடியதோடு இருமவும் செய்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது.

பைபாஸில் ஒரு விரட்டு விரட்டினால் உள்ளே இருக்கிற கரி தானே பறந்துவிடும் என்று வீராசாமி யோசனை சொன்னார். தேவசகாயம் விரட்டினார். அவருடைய விரட்டல் நாற்பதைத் தாண்டாது. பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹாரனிலேயே அவரை விசாரித்துவிட்டுப் போயின. முசரவாக்கம் அருகே கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஒரு டிராக்டரின் பின்னால் காரைக் கட்டி இழுக்கச் செய்து, சர்ச்சுக்கு வருகிறவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று சீட்டில் சரிந்து படுத்தபடி, ஐயம்பேட்டை ஒர்க்‌ஷாப் வந்து சேர்ந்தார்.

மெக்கானிக் ஆனந்தகுமார் ஒரு மெல்லிய கேமராவை உள்ளே விட்டு செல்போனில் காட்டினான். வால்வு முழுக்க, அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி கரி.

"பழைய இன்ஜின்ல பெட்ரோல் இந்த வால்வைக் கழுவிக்கினு உள்ள போவும் சார். இது டைரக்ட் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் நேரா உள்ளாற அடிச்சிடும், வால்வுல படவே படாது. எண்ணெய்ப் புகை வந்து வந்து கரியாப் புடிச்சிக்கும். நீங்க டேங்குல எத்தினி டப்பா ஊத்தினாலும் இதுக்கு எட்டாது."

"நிக்கவெச்சு ஓடவுட்டா கரி புடிக்குமா?" தேவசகாயம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நல்லாப் புடிக்கும். யார் சார் அப்டிப் பண்ணது?"

"பக்கத்து வீட்டுக்காரர்."

கழற்றி, வால்நட், அதாவது அக்ரூட் ஓட்டுத் தூளைக் காற்றில் பீய்ச்சி அடித்தால் இரும்பில் கீறல் விழாமல் கரி மட்டும் உதிருமாம். மிஷின் இருக்கிறது. தூள்தான் தீர்ந்துவிட்டது. சென்னையிலிருந்து திங்கட்கிழமை வரும்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னால் வருகிற திங்கட்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஓட்டோடு இருந்த வால்நட் அத்தனையையும் தேவசகாயம் வாங்கிவந்து அன்னம்மாள் முன்னால் கொட்டினார்.

"மூளைக்கு நல்லதாம்மா."

"உங்களுக்கா, எனக்கா?" என்றாள் அன்னம்மாள். குழவிக்கல்லை எடுத்துவந்து தானும் உட்கார்ந்து உடைத்தாள். இரண்டு நாள் அந்த வீட்டில் அக்ரூட் துவையல், அக்ரூட் பாயசம், ரசத்திலும் ஏதோ மிதந்தது. பருப்பெல்லாம் போக, ஓடுகளை மட்டும் ஒரு முறத்தில் போட்டு வெயிலில் அவளே காயவைத்தாள்.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து ஓடுகளை மிக்ஸியில் போட்டார். நான்கு வருஷமாக உறுமிக்கொண்டிருந்த மிக்ஸி, ஒரு கடைசி உறுமலோடு புகைந்து அடங்கியது. அவள் திரும்பி வருவதற்குள் அதே இடத்தில் புது மிக்ஸி இருந்தது. அன்னம்மாள் அதைத் துடைத்து, ஒரு தடவை சுற்றவிட்டுப் பார்த்தாள். அவள் கோபித்துக்கொள்ளாதது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

பாதி தூளும் பாதி கல்லுமாக இருந்ததை ஆனந்தகுமார் திருப்பி அனுப்பினான். ரவை மாதிரி இருக்கணும் சார், பெருசா ஒண்ணு உள்ள போச்சுன்னா இன்ஜினே காலி என்றான். உரலில் இடித்து, ரவை சல்லடையில் சலித்து, தும்மித் தும்மி, தேவசகாயம் வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் கார் வாசலுக்கு வந்தது. பானெட்டின் மேல் டம்ளர் நிறையக் காபியை வைத்து ஸ்டார்ட் செய்தார். காபியில் வீராசாமியின் முகம் அப்படியே அசையாமல் தெரிந்தது.

"தறி நின்னுடுச்சு சார்" என்றார் வீராசாமி.

ஞாயிற்றுக்கிழமை பிரவீனா வந்தாள். பெட்டியை இறக்கியதும் காரை ஸ்டார்ட் செய்து, காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"பரவால்லப்பா, நல்லா பாத்துக்கினு இருந்திருக்கீங்க."

"சும்மா, வாரத்துக்கு ஒரு வாட்டி ஒரு ரவுண்டு" என்றார் தேவசகாயம்.

ஆறு நாளாக இறங்காத சோறு அன்று இறங்கியது. இரண்டாம் தடவை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவப் பின்கட்டுக்குப் போனார். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே பிரவீனாவின் குரல் கேட்டது.

"ஆடுற வண்டிய ஆடுதுன்னு சொல்லாமயே அப்பாகிட்ட வுட்டுட்டுப் போகச் சொன்னியே, நல்ல யோசனைம்மா, இந்தக் கொழாயும் அவரு கைபட்டுத்தான் ஒடஞ்சுதுன்னு எப்படியாச்சும் நம்ப வெச்சிடு."